அந்த அறிவிப்பை நான் தமிழில் எழுதித் தர மாட்டேன்

தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நம் கோயிலின் நிர்வாகக் குழுத் தலைவர் ஐயாவுக்கும் குழுவினர் எல்லாருக்கும்,

போன வாரம் ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பி, பலகையில் ஒட்டுவதற்குத் தமிழில் எழுதித் தரச் சொல்லியிருந்தீர்கள். பதினொரு வருஷமாக இது நமக்குள் நடக்கிற வழக்கம். ஆடி மாதக் கஞ்சி பூசைக்கும் காவடிக்கும் நீங்கள் அனுப்புவீர்கள், நான் மறுநாள் காலை எழுதித் தருவேன். இந்த ஒன்றை எழுத மாட்டேன். அதற்குப் பதிலாகத்தான் இந்த மடல்.

அதில் இருந்தது இதுதான். கோயில் திடலில் தாயில்லாத முயல் குட்டிகளைக் கண்டால் பிள்ளைகள் எடுத்து வந்து அலுவலகத்தில் கொடுக்கவேண்டும். விருப்பமுள்ள குடும்பங்களுக்கு அவை வளர்க்கத் தரப்படும். தைப்பூசக் காவடிக்கு வண்டிகள் நிறுத்த வசதியாக, திடல் முழுவதும் இனி மாதம் ஒரு தடவை டிராக்டர் விட்டு வெட்டப்படும். மூன்றையும் ஒரே தாளில் போட்டிருக்கிறீர்கள். முதல் வரியில் சொல்லும் அநாதைகளை உண்டாக்குவதே கடைசி வரியில் சொல்லும் டிராக்டர்தான் என்பது எழுதியவருக்கு உறைக்கவில்லை.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமைக்கு முந்திய நாள் நடந்ததை நீங்கள் மறந்திருக்கலாம். நான் பின்வாசல் தெருவில் இருப்பவள். என் சமையலறை ஜன்னலைத் திறந்தால் திடல்தான். காலை ஏழு மணிக்குக் கரும்புத் தோட்டத்து டிராக்டரும் அதன் பின்னால் மாட்டிய ஸ்லாஷர் என்ற புல்வெட்டும் கருவியும் வந்தன. முழங்கால் உயரப் புல். ஓரத்திலிருந்து ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வெட்டிக்கொண்டே போனார்கள். அப்படி வெட்டினால் உள்ளே இருக்கிற உயிர்கள் எல்லாம் நடுவில் ஒதுங்கும், கடைசிச் சுற்றில் ஒதுங்கவும் இடம் இருக்காது. தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் ஜூலு இனத்துப் பாபா கையை ஆட்டிக்கொண்டே ஓடினார். "உனோக்வாஜா, உனோக்வாஜா" என்று அவர் கத்தியது எனக்குக் கேட்டது. ஜூலு மொழியில் முயலுக்கு அதுதான் பெயர். முந்தைய நாள் சாயங்காலமே குட்டிகளைப் பார்த்து வைத்திருந்தாராம். ஓட்டுநர் நிறுத்தவில்லை. குழுவில் ஒருவர் வேலியோரம் நின்று மேலே போகச் சொல்லிக் கை காட்டினார். யாரென்று நான் எழுதப்போவதில்லை, அவருக்கே தெரியும்.

நான் பிடித்த முயலுக்கு மூணு கால் என்று பிடிவாதக்காரர்களைச் சொல்வோம். அன்றைக்கு அந்தத் திடலில் நான் பார்த்த தாய் முயலுக்கு உண்மையாகவே மூன்று கால்தான் இருந்தது. நெற்றியில் வெள்ளைப் பொட்டு, திருநீறு வைத்த மாதிரி. இந்தப் பக்கத்துப் புதர் முயல்கள் பலவற்றுக்கு அது உண்டு. பாபா அதன்மேல் தன் சட்டையைப் போட்டு மூடினார். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. மடியில் பால் இருந்தது.

மறுநாள் பெருமாளுக்குத் தளிகை போட்டோம். மாதம் முழுக்க வீட்டில் முட்டைகூட வாங்காதவர்கள் நாம். இதற்குமேல் இதைப் பற்றி எழுத எனக்கு மனசில்லை.

குட்டிகள் மூன்று. அவற்றை ஒரு பிஸ்கட் பெட்டியில் போட்டு அலுவலகத்தில் வைத்தீர்கள், ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, அது எனக்குத் தெரியும். வெள்ளி மாலையும் சனி முழுவதும் மேளமும் நாதஸ்வரமும் கோவிந்தா முழக்கமும். பிள்ளைகள் வரிசையில் நின்று கையில் தூக்கி வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். பசிக்குமே என்று யாரோ பிரிட்ஜிலிருந்து பசும்பாலை எடுத்து மருந்து ஊற்றும் துளிக்குழாயில் ஊட்டினார்கள். ஒன்றின் காதில் வெட்டுக்காயம் இருந்ததால், வீட்டில் குழந்தைக்குக் கொடுத்து மிஞ்சிய அமாக்சிசிலின் சிரப்பையும் கொஞ்சம் கொடுத்தார்களாம். என்னைக் கூப்பிட்டது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வந்து பார்த்தபோது இரண்டின் வயிறு தப்பு மேளம் மாதிரி இறுகிக் கிடந்தது. ஒன்று என் கையிலேயே போனது. மற்றது அன்று இரவு. மூன்றாவதை டர்பனில் உரிமம் பெற்ற காட்டு விலங்கு மறுவாழ்வு மையத்துக்கு என் பக்கியில், அந்தச் சின்ன லாரியில், கொண்டுபோய்ச் சேர்த்தேன். அது பிழைத்தது.

இதைக் கேட்டுவிட்டுத்தான் "அடுத்த தடவை நன்றாகக் கவனிக்கக்கூடிய குடும்பங்களிடம் கொடுப்போம்" என்று முடிவெடுத்திருக்கிறீர்கள். என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இப்போது சொல்கிறேன்.

நம் மொழியில் எல்லாவற்றுக்கும் முயல் என்ற ஒரே சொல்தான். குழப்பம் அங்கிருந்தே ஆரம்பிக்கிறது. கடையில் விற்கும் வெள்ளை முயல் குழியில் வாழும் இனம். அதன் குட்டி மயிரில்லாமல், கண் திறக்காமல், தாய் தன் வயிற்று ரோமத்தைப் பிடுங்கிப் போட்ட மெத்தையில் பிறக்கும். நம் திடலில் இருப்பது வேறு. அது குழி தோண்டாது. புல்லை அழுத்திய சிறு பள்ளம்தான் அதற்கு வீடு. நாற்பத்திரண்டு நாள் சுமந்து ஒன்றோ இரண்டோ மூன்றோ ஈனும். குட்டி உடம்பு முழுக்க மயிரோடு, கண்ணைத் திறந்தபடியே பிறக்கும். பிறந்ததிலிருந்து அதற்குத் தெரிந்த ஒரே தற்காப்பு அசையாமல் இருப்பது. வாசமும் அதனிடம் அதிகம் கிடையாது. நாய் நாலடி தூரத்தில் தாண்டிப் போனாலும் கண்டுபிடிக்காமல் போகலாம்.

தாய்க்கு வாசம் உண்டு. அதனால்தான் அது பகல் முழுக்கக் குட்டிகள் பக்கம் வருவதில்லை. கூடவே உட்கார்ந்திருந்தால் கீரியையும் நாயையும் அதுவே கூட்டி வந்த மாதிரி ஆகும். பொழுது சாய்ந்து இருட்டியபின் ஒரு தடவை வரும். சில நிமிஷம் பால் கொடுக்கும். போய்விடும். அந்தப் பால் அவ்வளவு கொழுப்பானது, அடுத்த இரவு வரை தாங்கும். ஆகவே பகலில் பார்த்தால் உலகத்தில் உள்ள காட்டுமுயல் குட்டி எல்லாமே அநாதைதான். தனியாக இருக்கும், அழாது, ஓடாது, தொட்டாலும் நகராது. உங்கள் அறிவிப்பைப் பலகையில் ஒட்டினால், தமிழ் வகுப்புக்கு வருகிற முப்பது பிள்ளைகளும் நல்ல மனசோடு திடலுக்குள் இறங்கி, தாயுள்ள குட்டிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அலுவலகத்தில் கொண்டுவந்து அடுக்குவார்கள். இருட்டியபின் தாய் வந்து வெறும் பள்ளத்தை முகர்ந்துகொண்டு நிற்கும்.

மனுஷர் கைபட்டால் தாய் சேர்க்காது என்று பாட்டிமார் சொல்வதும் சரியல்ல. தெரியாமல் எடுத்துவிட்டால் அன்றைக்கே அதே இடத்தில் கொண்டுபோய் வைத்துவிடலாம், தாய் ஏற்றுக்கொள்ளும். பாபாவுக்கு இது தெரியும். வெள்ளிக்கிழமை அவர் சொல்ல வந்ததும் இதுதான். அவரிடம் புல்வெட்டியின் சாவி எங்கே என்று கேட்கிறோம், வேறெதுவும் கேட்பதில்லை.

எனக்கு இதெல்லாம் பிறவியிலேயே தெரிந்தது என்று நினைக்கவேண்டாம். நான் கரும்புத் தோட்டத்து லைன் வீட்டில் வளர்ந்தவள். வெட்டுக்கு முன்னால் கரும்புக்குத் தீ வைப்பார்கள், உங்களில் வயசானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். தீ ஒரு பக்கம் ஏறும்போது மறுபக்கம் பையன்கள் தடியோடு நிற்பார்கள். முயலும் கரும்பெலியும் ஓடி வரும். தாத்தா ஒரு முயலைக் காதைப் பிடித்துத் தூக்கி வந்து ஆயாவிடம் கொடுத்ததும், மிளகு தூக்கலாகப் போட்ட அந்தக் குழம்பை நான் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதும் நடந்ததுதான். மறைக்க ஒன்றுமில்லை. (முயல் குட்டி பார்க்கிறேன் என்றாலே "பன்னி சௌவுக்கா, அக்கா?" என்று கேட்கிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: ரொட்டியைக் குடைந்து கறி ஊற்றும் அந்தப் பண்டத்தில் முயல் என்றைக்கும் இருந்ததில்லை. ஆங்கிலத்தில் பன்னி என்றால் முயல்தான், ஆனால் இது வணிகரைக் குறிக்கும் பனியா என்ற சொல் திரிந்து வந்த பெயர் என்பார்கள்.)

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுப் பூனை ஒரு குட்டியை உயிரோடு கவ்விக்கொண்டு வந்தது. உள்ளங்கையில் அடங்கும். மேலே ஒரு கீறல்கூடத் தெரியவில்லை. நான் மூன்று பிள்ளை வளர்த்தவள், இது என்ன பிரமாதம் என்று நினைத்தேன். மடியில் மல்லாக்கப் படுக்கவைத்து, கைக்குழந்தைக்குச் சங்கில் ஊட்டுவது போலச் சொட்டுச் சொட்டாகப் பசும்பால் ஊற்றினேன். மூக்கில் ஒரு குமிழ் வந்தது. துடைத்துவிட்டேன். ராத்திரி முழுக்கக் களுக் களுக் என்று மூச்சு விட்டது. விடியும்போது விறைத்திருந்தது. பால் நுரையீரலுக்குள் போயிருக்கிறது என்று பிறகு கால்நடை மருத்துவர் சொன்னார். போயிருக்காவிட்டாலும் அது பிழைத்திருக்காது, பூனைப் பல்லில் இருக்கும் கிருமிக்கு உடனே ஊசி போட்டிருக்கவேண்டும், மேலே காயம் தெரிகிறதா இல்லையா என்பது கணக்கே இல்லை என்றார். அந்தக் குட்டியைக் கொன்றது பூனை பாதி, நான் பாதி. அதற்குப் பிறகுதான் மறுவாழ்வு மையத்துக்குப் போய், இரண்டு வருஷம் சனிக்கிழமைகளில் கூண்டு கழுவி, துண்டு துவைத்து, கடைசியில் ஊட்டக் கற்றுக்கொண்டேன்.

கற்றுக்கொண்டதில் கொஞ்சம் சொல்கிறேன், வீட்டில் வளர்க்கலாம் என்ற எண்ணம் எப்படிப்பட்டது என்று புரிவதற்காக. பசும்பாலில் கொழுப்பு நூற்றுக்கு மூன்றரை, நான்கு பங்கு. முயல் பாலில் அதைப்போல மூன்று மடங்குக்கு மேலே இருக்கும், சர்க்கரை குறைவு. ஆகையால் பூனைக்குட்டிக்கென்று விற்கும் பால்மாவைக் கரைத்துக் கொடுப்பார்கள். குளிர்ந்து கிடக்கும் குட்டிக்கு எதையும் ஊட்டக்கூடாது. முதலில் உடம்பு சூடாகவேண்டும். வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வைப்பார்கள், சூடு அதிகமானால் அது நகர்ந்துகொள்ள மறுபக்கம் வேண்டும். ஊட்டும்போது நாலு காலும் கீழே ஊன்றி நிமிர்ந்து நிற்கவேண்டும். ஒரு மில்லிலிட்டர் ஊசிக்குழாய், உதட்டோரம், அது நக்குகிற வேகத்துக்கு நாம். நம் அவசரத்துக்கு அது அல்ல. ஒரு நாளைக்கு இரண்டு வேளை, வயிறு உருண்டையாவதற்கு முன்னால் நிறுத்தவேண்டும். பசித்துச் சாகிறதைவிட அதிகம் ஊட்டிச் சாகிறது அதிகம் என்று அங்கே எனக்குச் சொல்லிக் கொடுத்த அம்மா சொல்வார். ஊட்டி முடித்ததும் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் பின்புறத்தைத் தடவவேண்டும். தாய் நக்கிவிடுகிற வேலை அது, செய்யாவிட்டால் சின்னக் குட்டிக்குச் சிறுநீர் இறங்காது. அமாக்சிசிலின் மாதிரி மருந்தை வாய்வழி கொடுத்தால் குடலில் செரிக்க உதவும் நல்ல கிருமிகள் செத்து, கெட்டவை பெருகி, குட்டியே போய்விடும்.

இதையெல்லாம் செய்தாலும் பாதிக்கு மேல் தவறிப் போவதை நான் பார்த்திருக்கிறேன். முயலுக்குப் பயமே நோய். சத்தம், வெளிச்சம், நாய் வாசம், தூக்கித் தடவுகிற கை, எல்லாமே அதற்குத் தன்னைத் தின்ன வந்த ஒன்று. கையில் எடுத்தால் சாந்தமாக இருக்கிறதே என்று பிள்ளைகள் சொன்னார்கள். அது சாந்தம் இல்லை. பெயர் வைத்து, மடியில் வைத்துப் பழக்கிய குட்டி ஒருவேளை பிழைத்துவிட்டால் இன்னும் மோசம். நான்கு வாரத்தில் பால் மறந்து புல் தின்ன ஆரம்பித்துவிடும், அப்புறம் எங்கே விடுவீர்கள்? நாயைக் கண்டு ஓடத் தெரியாத முயலை நம் தெருவில் விட முடியுமா?

சட்டம் ஒன்றும் இருக்கிறது. மாகாண வனவிலங்குத் துறையின் அனுமதி இல்லாமல் காட்டு விலங்கை வீட்டில் வைத்திருக்கக்கூடாது. 1962ஆம் வருஷத்து விலங்குப் பாதுகாப்புச் சட்டம், 71ஆம் எண், ஒருவர் கைவசம் வந்துவிட்ட காட்டு விலங்குக்கும் பொருந்தும். திடலில் திரியும்போது அதற்கு நாம் பொறுப்பில்லை என்று வாதாடலாம், பிஸ்கட் பெட்டிக்குள் போட்ட நிமிஷத்திலிருந்து வாதாட முடியாது. "விருப்பமுள்ள குடும்பங்களுக்குத் தரப்படும்" என்று கோயில் பெயரில் எழுதி ஒட்டினால், அந்தக் குடும்பங்களைக் குற்றத்தில் மாட்டிவிடுகிறது கோயில்.

உங்கள் பக்கத்து நியாயங்களையும் நான் கேட்டேன். அழிந்துபோகிற இனமா இது என்று ஒருவர் கேட்டார். இல்லை. அழிவின் விளிம்பில் இருப்பது கரூ என்ற வறண்ட நிலத்து ஆற்றோர முயல், நம் புதர் முயல் நாடு முழுக்க இருக்கிறது. அழியாத இனம் என்பதால் ஸ்லாஷரில் விடலாம் என்று எந்த ஆகமத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. உயரமான புல்லில் பாம்பு வரும், பிள்ளைகள் வெறுங்காலோடு நடக்கிற இடம் என்றார் செயலாளர். தம்பி, அது சரியான பேச்சு. பஃப் ஆடர் மனுஷர் வந்தால் விலகாமல் அப்படியே கிடக்கிற பாம்பு, நானும் மடைப்பள்ளிப் பின்னால் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். காவடிக்கு ஆயிரக்கணக்கில் வருவார்கள், வண்டி எங்கே நிறுத்துவது என்பதும் சரி. என் மகனே போன வருஷம் அரை மைல் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வந்தான்.

ஆனால் மாதம் ஒரு தடவை வெட்டுவது இந்த இரண்டுக்கும் உதவாது. அக்டோபரிலிருந்து மார்ச் வரை நம் பக்கத்து மழையில் ஒரு மாதத்தில் புல் மறுபடி முழங்காலுக்கு வந்துவிடும். பாம்பு வர அது போதும், முயல் குட்டி போடவும் போதும். குட்டி போட்டு ஒரு வாரத்தில் டிராக்டர் வரும். புதர் முயல் வருஷம் முழுக்கக் குட்டி போட்டாலும் அதிகம் போடுவது இந்தக் கோடையில்தான். வேண்டும் என்றே திட்டம் போட்டாலும் இதைவிடப் பொருத்தமாகப் பொறி வைக்க முடியாது.

ஆகையால் நான் கேட்பது இவை. அந்த அறிவிப்பை விட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாக "குட்டியைக் கண்டால் தொடாதே, இடத்தைப் பெரியவர்களிடம் சொல்" என்று ஒரு வரி போதும், அதை இன்றைக்கே மூன்று மொழியில் எழுதித் தருகிறேன், ஜூலுவில் பாபா பார்த்துத் திருத்தித் தருவார். காயம் பட்டது, ஈ மொய்ப்பது, குளிர்ந்து துவண்டு கிடப்பது, பூனையோ நாயோ கவ்வியது, தாய் செத்தது கண்ணால் பார்த்தது, இவை மட்டும்தான் எடுக்கவேண்டிய குட்டிகள். அவற்றுக்காக அலுவலகத்தில் மூடியுள்ள ஓர் அட்டைப் பெட்டியும் பழைய துண்டும் வெந்நீர்ப் புட்டியும் இருக்கட்டும். பாலும் மருந்தும் கொடுக்காமல், இருட்டில் சத்தமில்லாமல் வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுக்கவேண்டும். டர்பன் யெல்லோவுட் பார்க்கில் குரோ என்ற மறுவாழ்வு மையம் இருக்கிறது, ஹோவிக்கில் ஃப்ரீமீ என்ற மையம் இருக்கிறது. இரண்டின் எண்ணையும் அலுவலகச் சுவரில் கொட்டை எழுத்தில் ஒட்டுங்கள். கொண்டுபோக ஆள் இல்லையென்றால் என் பக்கி இருக்கிறது, ராத்திரியானாலும் வருவேன்.

திடலை இரண்டாகப் பிரியுங்கள். மண்டபத்துப் பக்கப் பாதியை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஒட்ட வெட்டி வையுங்கள். ஒதுங்க மறைவில்லாத இடத்தில் முயலும் குட்டி போடாது, பாம்பும் தங்காது, வண்டியும் நிறுத்தலாம். ஓடைப் பக்கப் பாதியைக் கோடை முடிகிறவரை தொடவேண்டாம். காவடிக்கு அதுவும் கட்டாயம் வேண்டும் என்றால், வெட்டுகிற அன்று காலை பத்துப் பேர் கைகோத்த மாதிரி வரிசையாக அதில் நடந்து பார்க்கவேண்டும், பாபா முன்னால் நடக்கட்டும். குட்டி இருக்கிற இடத்தில் ஒரு கழியை நட்டு, சுற்றிப் பத்தடியை விட்டுவிட்டு வெட்டவேண்டும். டிராக்டர் நடுவில் ஆரம்பித்து வெளியே வரவேண்டும், ஓரத்திலிருந்து உள்ளே போகக்கூடாது. ஸ்லாஷரை ஒரு சாண் உயரத்துக்கு மேலே ஏற்றி வைக்கச் சொல்லுங்கள். பாபா கை காட்டினால் ஓட்டுநர் நிறுத்தவேண்டும் என்பதைக் குழு எழுத்தில் சொல்லவேண்டும்.

அடுத்த வெட்டு கார்த்திகை தீபத்துக்கு மறுவாரம் என்று கேள்விப்பட்டேன். அதற்கு முன்னால் குழு கூடும் ஞாயிற்றுக்கிழமை இதை எடுத்துப் பேசவேண்டும், நானும் பாபாவும் வருகிறோம். எங்கள் இரண்டு பேருக்கும் பேச நேரம் ஒதுக்கியிருக்கிறீர்களா என்று புதன்கிழமைக்குள் எனக்குத் தெரியவேண்டும்.

இப்படிக்கு,
பின்வாசல் தெருவில் இருக்கும் உங்கள் பழைய தமிழ் டீச்சர்